செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கும் நானும்

கோத்தகிரியில் ஒரு சின்ன டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணப் பத்திரிகை, கருமாதி கார்டு, ஆன்லைன் விண்ணப்பம் என்று கடையில் நடக்காத வேலை இல்லை. 11 வருட வேலை மொத்தமும் ஒரே ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. இன்னொரு பிரதி எங்கேயும் கிடையாது. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

2018 நவம்பர். வடகிழக்கு மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். சாயங்காலம் அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது. யுபிஎஸ்ஸில் இருந்த பேட்டரி ஆகஸ்டிலேயே செத்துவிட்டது. மாற்ற ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் ஆகும், தீபாவளி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். மூன்றாவது தடவை கரண்ட் வந்தபோது கம்ப்யூட்டர் கறுப்புத் திரையிலேயே நின்றது. உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். பல்லி கத்துகிறதோ என்று முதலில் சுவரைப் பார்த்தேன்.

அந்தச் சத்தம் என்ன என்று இப்போது தெரியும். டிஸ்க்குக்குள் சுற்றும் தட்டின் மேல், படிப்பதற்கென்று ஒரு கையின் நுனியில் ஹெட் இருக்கிறது. தட்டில் எழுதி வைத்திருக்கும் வழிக்குறிகளை ஹெட்டால் படிக்க முடியாதபோது, கை ஓரம்வரை போய் முட்டித் திரும்புகிறது. மறுபடி முயல்கிறது, மறுபடி முட்டுகிறது. ஹெட் வளைந்தோ உடைந்தோ இருந்தால், ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் அது தட்டின் மேல்பூச்சைச் சுரண்டக்கூடும். அப்படிச் சுரண்டிய இடத்தில் இருந்ததை உலகத்தில் எந்த மெஷினாலும் திரும்ப எடுக்க முடியாது.

அன்று இரவு நான் குறைந்தது 15 தடவை ஆன் செய்தேன். வயரைப் பிடுங்கி மாட்டினேன். பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். லேசாகத் தட்டக்கூடச் செய்தேன். பிறகு யாரோ சொன்னார்கள் என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தேன். ரொம்பப் பழைய காலத்து டிஸ்க் சிலவற்றுக்கு அந்த வைத்தியம் எப்போதாவது பலித்திருக்கலாம். ஆனால் நவம்பர் மாதக் கோத்தகிரியில், துவைத்த துணி நாலு நாளாகியும் காயாத ஈரத்தில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த இரும்பின் மேல் என்ன ஆகும்? கண்ணாடிபோல் நீர் கோர்த்தது. டிஸ்க் முழுக்க அடைத்த பெட்டி இல்லை. காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக மூடியில் வடிகட்டி வைத்த ஒரு சின்ன ஓட்டை இருக்கும். வெளியே கோர்த்தால் உள்ளேயும் கோர்க்கும். ஹீலியம் அடைத்த புது வகையில்தான் அந்த ஓட்டை கிடையாது.

அந்த டிஸ்க்கில் எது போனாலும் தாங்கியிருப்பேன், ஒன்றைத் தவிர. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் வாழ்நாள் கட்டுரைகளைக் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். எட்டு மாதமாக ராத்திரி உட்கார்ந்து 312 பக்கம் அடித்திருந்தேன். அடுத்த மாதம் அச்சுக்குப் போக வேண்டியது.

பயத்தில் செய்ததுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. "நான் எடுத்துத் தர்றேங்க்கா, இதெல்லாம் சாதாரணம்" என்று ஒரு மெக்கானிக் சொன்னார். ஊர் பேர் வேண்டாம். 1,500 ரூபாய் முன்பணம். என் கண் முன்னாலேயே, ஜன்னல் திறந்திருந்த மேசையில், லேபிளுக்கு அடியில் மறைந்திருந்த ஸ்க்ரூவையும் தேடிக் கழற்றி மூடியைத் திறந்தார். ஹெட் இருக்கும் அந்தக் கையை விரலால் நகர்த்தினார். மூடாமலேயே ஓடவிட்டுக் காட்டினார். பளபளவென்று தட்டு சுற்றுவதைப் பார்த்து நான் ஏதோ வித்தை பார்ப்பதுபோல் நின்றேன். ஹெட் அந்தத் தட்டைத் தொடுவதில்லை, காற்றில் மிதக்கிறது. மிதக்கும் உயரம் சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கு மேல். அந்த ஜன்னல் வழியாக வந்த தூசி ஒவ்வொன்றும் ஹெட்டுக்கு வழியில் நிற்கும் பாறை. அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, திறக்கச் சம்மதித்தவள் நான்தான்.

அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனேன். அங்கே இதையே தொழிலாகச் செய்கிறவர் டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, கரண்ட் கொடுக்கவே இல்லை. "ஏனுங்க, இதை ஏற்கெனவே யாரோ திறந்திருக்காங்களேங்க" என்றார். ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சோதனைக் கட்டணம் 2,500. இரண்டு நாள் கழித்துப் போனில் அழைத்து, தட்டில் வளையமாகக் கோடு விழுந்துவிட்டது, எடுக்க முடியாது என்றார். திறக்காமல் வந்திருந்தால் 28,000 ரூபாய் அளவில் முடிந்திருக்குமாம். 28,000 என்று கேட்டிருந்தால் அன்றைக்கு நான் மயங்கி விழுந்திருப்பேன். ஆனால் அந்தத் தொகையைக் கட்டும் வாய்ப்பே இல்லை என்று தெரிந்தபோது வந்த வலி வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் பஸ்ஸில், முக்கால் மணி நேரம் யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

தமிழாசிரியர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "கையெழுத்துப் பிரதி இருக்கேம்மா, அழாதே" என்றார். பணம் வாங்காமல் திரும்ப அடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பென் டிரைவ் ஞாபகம் வந்தது. கொஞ்சம் பக்கங்களை வேர்டு கோப்பாக அதில் போட்டு, பிழை திருத்த அவரிடம் கொடுத்துவிட்டு, பிறகு அழித்திருந்தேன். அழித்தால் பெயர்ப் பட்டியலில்தான் அடித்துவிடுகிறது, உள்ளே இருப்பது மேலே வேறெதுவும் எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும் என்று படித்தேன். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டினேன். நூற்றுக்கணக்கான கோப்புகள் வந்து விழுந்தன, ஆனால் ஒன்றுக்கும் சொந்தப் பெயர் கிடையாது, வெறும் எண்கள். கோப்பின் தலைப்பகுதி வடிவத்தைப் பார்த்து எடுக்கும் மென்பொருள் என்பதால் பழைய பெயர் அதற்குத் தெரியாது. சரி, உள்ளே ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடுவோம் என்று தமிழில் அடித்தால் ஒன்றுமே அகப்படவில்லை. காலையில்தான் புத்திக்கு எட்டியது. நான் அடித்தது பாமினி எழுத்துருவில். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், பார்வைக்கு மட்டும் தமிழ். இப்போது போனிலும் இணையத்திலும் இருக்கும் யுனிகோடு தமிழில் 'அம்மா' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? பாமினியில் எந்த விசைகளை அழுத்துவேனோ அவற்றையே தேடினேன். 64 பக்கம் மீண்டு வந்தது. பழைய எழுத்துருவில் வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், வேறு எங்கேயும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

மிச்சம் 248 பக்கம் திரும்ப அடித்தேன். ஆனால் அந்த 64 பக்கம் எனக்கு ஒரு பித்தைப் பிடிக்க வைத்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் செத்த டிஸ்க் 14, ஒன்று 60 ரூபாய் என்று வாங்கி வந்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். 840 ரூபாய்க்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்திருக்காது.

முதலில் கற்க வேண்டியது காதால்தான். கரண்ட் கொடுத்தும் சுற்றவே இல்லையென்றால் பெரும்பாலும் கீழே இருக்கும் பச்சை போர்டில் கோளாறு. பீப் பீப் என்று மெலிதாக முனகினால் மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் தவிக்கிறது. ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மோட்டாரே இறுகியிருக்கலாம். டிக் டிக் என்றால் ஹெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சத்தம் ஒழுங்காக இருந்து, கம்ப்யூட்டர் அடையாளமும் கண்டு, ஆனால் கோப்பு திறக்க யுகமானால் பெரும்பாலும் தட்டில் சில இடம் கெட்டிருக்கிறது. அடையாளம் கண்டும் அளவு பூஜ்யம் என்றோ தப்பாகவோ காட்டினால், பெரும்பாலும் டிஸ்க் தனக்காகத் தட்டில் எழுதி வைத்திருக்கும் உள் நிரல் கெட்டிருக்கிறது. என் 14-இல் ஐந்து, போர்டு கோளாறு. இதைத்தான் என்னைப் போன்றவர்கள் வீட்டில் தொடலாம்.

அதிலும் இரண்டு, வெறும் ரப்பரால் பிழைத்தன. போர்டைக் கழற்றினால் அடியில் சின்னச் சின்னத் தொடுபுள்ளிகள் இருக்கும், உள்ளே இருக்கும் ஹெட்டோடும் மோட்டாரோடும் போர்டு பேசும் வழி அது. நம் ஊர் ஈரத்தில் அவை கறுத்துவிடுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டினேன், ஓடின. மலை உயரத்தால்தான் டிஸ்க் போகிறது என்று இங்கே பலர் சொல்வார்கள். காற்று மெலிந்தால் ஹெட் மிதக்கும் உயரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண டிஸ்க்குகளை 3,000 மீட்டர் உயரம்வரை ஓடும்படிதான் வடிவமைக்கிறார்கள், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். நமக்கு எதிரி ஈரமும் கரண்டும்தான்.

கரண்டைப் பற்றி ஒரு கதை. கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எக்ஸ்டெர்னல் டிஸ்க் கொண்டு வந்தார், தனி அடாப்டர் போடும் பெரிய வகை. அதற்கு 12 வோல்ட். அவர் பையன் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை அதில் செருகிவிட்டான். முள் அளவாகப் பொருந்தியதால் போட்டுவிட்டான். டிஸ்க் மூச்சே விடவில்லை. போர்டில் கரண்ட் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் டிவிஎஸ் டயோடு என்று இரண்டு இருக்கும், ஒன்று 5 வோல்ட் வழிக்கு, ஒன்று 12 வோல்ட் வழிக்கு. அதிக வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட்டாகி மற்றதைக் காப்பாற்றும். 12 வோல்ட் வழி டயோடில் மல்டிமீட்டர் முனைகளை எப்படி மாற்றி வைத்தாலும் பீப் அடித்தது. அந்த டயோடைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டு, நல்ல பவர் சப்ளையில் நேரடியாக மாட்டினேன். உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அந்த நிமிஷம் கடையில் நான் கத்தியதில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்துவிட்டார். டயோடு இல்லாத டிஸ்க் காவல் இல்லாத வீடு, உடனே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு அதை ஓய்வுக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஒரு வெற்றி தலைக்கேறினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. அடுத்து வந்த டிஸ்க்கில் போர்டே கருகியிருந்தது. அதே மாடல் போர்டை ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வரவழைத்து மாட்டினேன். டிக் டிக். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கி உடனே பிடுங்கினேன், நல்லவேளை. ஒரே மாடலாக இருந்தாலும் ஒவ்வொரு டிஸ்க்கும் தன் ஹெட்டுக்கேற்ற அளவுகளைப் போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ரோம் (ROM) சிப்பில் வைத்திருக்கிறது (கம்ப்யூட்டரில் போடும் ரேம் வேறு, இது கரண்ட் போனாலும் அழியாத வகை). பழைய போர்டிலிருந்து அந்தச் சிப்பை எடுத்துப் புது போர்டில் வைத்தால்தான் சரிவரும். சில போர்டில் தனிச் சிப் இருக்காது, பெரிய சிப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும், அது என் கைக்கு எட்டாத வேலை. ஹாட் ஏர் மெஷின் 3,200 ரூபாய்க்கு வாங்கி, இரும்புக் கடைப் போர்டுகளில் பழகினேன். முதல் மூன்று சிப்பைக் கருக்கினேன். நாலாவதிலிருந்து கை படிந்தது. வாடிக்கையாளர் டிஸ்க்கைத் தொட இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன், அவரும் பொறுத்துக்கொண்டார்.

ஆனால் பத்துக்கு ஏழு பேருக்கு வேண்டியது சால்டரிங்கே இல்லை, பொறுமையாக நகல் எடுப்பதுதான். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் கோப்புகளைத் திறந்து பார்ப்பதும், விண்டோஸ் கேட்கிறதே என்று ஃபார்மட் கொடுப்பதும், செக் டிஸ்க் ஓட்டுவதும் அதைக் கொல்லும் வழி. செக் டிஸ்க் கெட்ட டிஸ்க்கின் மேலேயே எழுதித் திருத்தப் பார்க்கும். நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில், டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், காசு கிடையாது. அது முதலில் சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் எடுத்துவிடும், முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்பி வரும். எதைப் படித்தோம், எதை விட்டோம் என்று ஒரு மேப் ஃபைலில் கணக்கு வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நம் ஊருக்கென்றே செய்ததுபோல். ஆனால் பென் டிரைவில் ஓடும் லினக்ஸில், அந்த மேப் ஃபைலை எங்கே சேமிக்கிறோம் என்று நான் பார்க்கவில்லை. அது நினைவகத்தில் மட்டும் இருந்திருக்கிறது. கரண்ட் போனதும் 19 மணி நேர வேலையின் கணக்கு காற்றோடு போனது. மேப் ஃபைலைத் தனியாக இன்னொரு டிஸ்க்கில் வையுங்கள்.

இதைவிடக் கேவலமான ஒன்றும் செய்தேன். எதிலிருந்து எடுக்கிறோம், எதற்குள் போடுகிறோம் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டேன். வெற்று டிஸ்க்கை எடுத்து நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதியது. புரிந்து நிறுத்துவதற்குள் 40 ஜிபி போயிற்று. நல்லவேளை, அது என் சொந்தப் பயிற்சி டிஸ்க். அன்றிலிருந்து நோயாளிக்குச் சிவப்பு டேப், வாங்கிக்கொள்வதற்குப் பச்சை டேப், எண்டர் தட்டுவதற்கு முன் இரண்டின் சீரியல் நம்பரையும் வாய்விட்டுப் படிப்பேன். என் மகள் கிண்டல் செய்வாள். செய்யட்டும்.

ஹெட் மாற்றிப் பார்க்காமல் இருந்தேனா என்றால் இல்லை. ஆசை யாரை விட்டது. அக்ரிலிக் ஷீட்டில் ஒரு பெட்டி செய்து, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் விசிறியும் வைத்தேன், 6,500 ரூபாய். ஹெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துப் பிடிக்கச் சீப்பு மாதிரி ஒரு கருவி உண்டு, அதையும் வாங்கினேன். ஹெட்டைத் தானம் கொடுக்கும் டிஸ்க் அதே மாடல், அதே ஃபர்ம்வேர் (உள் நிரல்), முடிந்தவரை அதே காலத்தில், அதே நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். எல்லாம் கூடி வந்தும் ஒன்பது முயற்சியில் இரண்டு மட்டும் கொஞ்ச நேரம் ஓடின. அந்த இரண்டிலும் எனக்கு முழுசாக நகல் கிடைக்கவில்லை. அடுத்தவர் கல்யாணப் போட்டோவின் மேல் இந்தக் கணக்கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இறுகிய மோட்டார், பல தட்டு உள்ள டிஸ்க், உள் நிரல் கோளாறு எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அவற்றுக்கான தொழில்முறைக் கருவிகள் லட்சக்கணக்கில் ஆகும். அந்தப் பெட்டியில் இப்போது என் மகள் காளான் வளர்க்கிறாள்.

எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில வகைகளில், நாம் பாஸ்வேர்டு போடாவிட்டாலும், பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி போர்டே எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதும். போர்டு கெட்டது என்று குப்பையில் போட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் கொண்டு வந்தால் உள்ளே இருப்பது வெறும் குழப்பம். ஒருவர் அப்படித்தான் கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் அவர் வீட்டுக் குப்பைக்குழி வரை போய்த் தேடினோம், கிடைக்கவில்லை. சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி பற்றிக் கேட்பார்கள். அழித்ததை மீட்பது அதில் பெரும்பாலும் நடக்காது, டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உடனுக்குடன் காலி செய்துவிடும்.

இரண்டு வருடத்தில் மெஷின், உதிரி, தானத்துக்கென்று வாங்கிய டிஸ்க், கோவைப் பயணம் எல்லாம் சேர்த்து என் நோட்டில் 41,000 ரூபாய்ச் செலவு. வரவு அதில் பாதிகூட இல்லை. எடுக்க முடியாவிட்டால் பணம் வாங்குவதில்லை. டிஸ்க் வாங்கும்போதே சீரியல் நம்பரை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். கோப்பு திறக்கிறதா என்று பார்க்க எதைத் திறக்கலாம் என்று அவர்களையே கேட்டுத் திறப்பேன். வீட்டு ஆல்பம், பேங்க் விவரம் எல்லாம் நம் கைக்கு வருகிறது, அந்த நாகரிகம் வேண்டும். கீழே கோவைக்கு அனுப்ப வேண்டியதைப் பார்சலில் போடச் சொல்வதில்லை. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போங்கள் என்பேன்.

ஐயா புத்தகம் ஐந்து மாதம் தாமதமாக வந்தது. திரும்ப அடிக்கும்போது, "எப்படியும் அடிக்கிறே, இந்த இடத்தைக் கொஞ்சம் மாத்திக்கலாமாம்மா?" என்று ஆரம்பித்து, கடைசியில் 312 பக்கம் 340 ஆயிற்று. யுபிஎஸ் பேட்டரி மேல் இப்போது வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு பிரதி கடையில், ஒன்று கோயம்புத்தூரில் தங்கை வீட்டில். மாதம் ஒரு தடவை அவளைப் பார்க்கப் போகும் சாக்கில் டிஸ்க்கை மாற்றி வருவேன்.

போன வாரம் ஒரு தம்பி டிஸ்க்கோடு வந்தார். சத்தம் வருகிறது என்றார். எத்தனை தடவை ஆன் செய்தீர்கள் என்று கேட்டேன். நாலைந்து தடவை என்றார், அப்படியென்றால் பத்து. நான் மாட்டவே இல்லை. கோவைக்கு எடுத்துப் போங்கள், இடையில் எங்கேயும் ஓட்டிப் பார்க்காதீர்கள், செலவு இவ்வளவு வரலாம் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீங்களே திறந்து பார்த்துடுங்கக்கா, போனா போகட்டும்" என்றார். என் மேசை டிராயரிலிருந்து என் பழைய டிஸ்க்கை எடுத்து, தட்டில் விழுந்திருக்கும் அந்த வளையத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். டிஸ்க்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "யோசிச்சு வர்றேங்க்கா" என்று கிளம்பினார். மேட்டுப்பாளையம் பஸ் நிற்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தார்.